வெர்லான்

பிரெஞ்சுப் பேச்சில் ஒரு சொல்லின் அசைகளை முன்பின்னாகப் புரட்டிப் புதுச்சொல் ஆக்கும் வழக்கத்துக்கு வெர்லான் என்று பெயர். ‘தலைகீழ்’ எனப் பொருள்படும் லான்வேர் என்ற சொல்லைப் புரட்டியதில் பிறந்ததே இந்தப் பெயரும்.

1977இல் பாடகர் ரனோ பாடிய பாட்டும், 1984இல் வந்த ‘லே ரிபூ’ படமும் இதை ஊரறியச் செய்தன. கெட்டுப்போனது என்ற பொருளுள்ள பூரி அங்கே ரிபூ ஆகி, லஞ்சம் வாங்கும் போலீஸ்காரரைக் குறித்தது. பெண்ணைக் குறிக்கும் ஃபாம், மெஃப் ஆயிற்று. இன்று அது அகராதியிலேயே இருக்கிறது.

என்னை வியக்கவைப்பது, அரபியரைக் குறிக்கும் ‘அராப்’ என்ற சொல் பட்ட பாடு. பாரிஸ் புறநகரில் வளர்ந்த வட ஆப்பிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் அதைப் புரட்டிப் பெர் ஆக்கினார்கள். பத்திரிகைகளும் அகராதிகளும் அதை எடுத்துக்கொண்டதும், அதையும் புரட்டி ரபெ என்றார்கள். தங்கள் சொல் தங்களிடமே இருக்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கிறது.

நம் பக்கம், புதுச்சேரியில், பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் 1889இலேயே வந்துவிட்டது. அங்கோ வேறெங்கோ படிக்கும் நம் பிள்ளைகள், பாடப்புத்தகத்தை முடித்தபின் பிரெஞ்சுப் படம் பார்த்தால் திணறுவது இச்சொற்களால்தான். கேரளத்தில் ஒற்றசேகரமங்கலம், பாறசாலைப் பக்கத்து எல்லையோரத் தமிழருக்கு வீட்டுப்பேச்சு ஒன்று, பள்ளிமொழி ஒன்று என்பது பழகிய சங்கதி. அவர்களுக்கு இந்த இரட்டை வழக்கு எளிதில் பிடிபடும். மெஃப் காதில் விழுந்தால் புரிய வேண்டும். தேர்வுத்தாளிலும் பெரியவர்களிடமும் ஃபாம்தான்.