புறாத்தீவு முருகைப் பாரும் மூச்சுக்குழாய் நீச்சலும்

புறாத்தீவு, இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடல்சார் தேசியப் பூங்கா. பெரிய தீவு, சின்னத் தீவு என்னும் இரண்டு பாறைத் திட்டுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்து இதன் பரப்பு சுமார் 471 ஹெக்டேர். பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் பெயர் வந்தது. அந்தப் பாறைகளே ஆங்கிலேயர் காலத்தில் சுடுபயிற்சிக் களமாகவும் இருந்தன. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் இதை நிர்வகிக்கிறது.

பெரிய தீவைச் சூழ்ந்த முருகைப் பார் ஆழமற்ற நீரில் கிடக்கிறது. முருகை உயிரியின் தசைக்குள் வாழும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு உணவு சமைத்து அதற்கும் ஊட்டுவதால், ஒளி புகும் தெளிந்த நீர் பாருக்கு உயிர்நாடி. 1998இல் இந்தியப் பெருங்கடல் சூடேறி, இலங்கையின் தென், மேற்குக் கரைப் பார்கள் வெளிறியபோது திருகோணமலைப் பகுதி பெருமளவு தப்பியது. கிளைமுருகையும் மேசை போல் விரிந்த வகைகளும் இங்கே அதிகம். கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், கடலாமை ஆகியவையும் காணக் கிடைக்கும்.

பார் இவ்வளவு மேலே இருப்பதால் காற்றுக்கலன் சுமந்து சுழியோடத் தேவையில்லை. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போதும். நீந்துபவர் கவிழ்ந்து மிதந்தபடி வாயால் மூச்சு விடுகிறார். குழாய் ஒரு முழத்துக்கு மேல் நீள்வதில்லை. நீண்டால் வெளிவிட்ட காற்றே திரும்ப உள்ளே வரும்; அதை நம்பி ஆழத்தில் கிடந்தால் நீரின் அழுத்தம் நெஞ்சை விரிய விடாது. கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள காற்றால் ஒளி விலகி, எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். இங்கு பெயர்பெற்ற கருமுனைச் சுறா வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் அளவுதான். நீருக்குள் அது இரண்டு மீட்டராகப் பயமுறுத்தும். உண்மையில் ஆள் நெருங்கினால் விலகிப் போகும் கூச்சப் பிராணி.

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து நீர் கலங்கிவிடும். எனவே மே முதல் செப்டெம்பர் வரையே பருவம். நிலாவெளியில் நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளூர்ப் படகில் செல்கிறார்கள்.

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் வருகை பெருகியது. பாருக்கு நெருக்கடியும் கூடியது. கெடுப்பது பெரும்பாலும் கால்தான். கண்ணாடிக்குள் நீர் புகுந்ததும் பழகாதவர் பதறி, காலுக்கடியில் கிடைத்ததில் ஏறி நிற்கிறார். கிளைமுருகை முறிந்தால் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வரையாவது வளரக்கூடும். பாறை போல் திரண்ட வகையோ ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான். துடுப்புக் காலணி கிளப்பும் மணல் படிந்தாலும் உயிரிக்கு மூச்சு முட்டும். வெயில்காப்புக் களிம்புகளில் சேரும் ஒக்சிபென்சோன் முருகையின் இளம் உயிரிகளைப் பாதிப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. பூங்காவுக்குள் முருகையை மிதிப்பதும் முறிப்பதும் மட்டுமல்ல, கரையில் குவிந்து கிடக்கும் உயிரற்ற முருகைத் துண்டை எடுத்துச் செல்வதும் தடைசெய்யப்பட்டுள்ளது.