ஜீப்பில் ஏறிய டிரம்

பழைய ஜாஸ் டிரம்மர்களின் இடது கையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். குச்சி கட்டைவிரல் இடுக்கில் செருகி, மோதிர விரல்மேல் கிடக்கும். உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பியிருக்கும். உட்கார்ந்து வாசிப்பவருக்கு இந்தப் பிடி அவசியமே இல்லை. இது ராணுவம் விட்டுச்சென்ற பழக்கம். அணிவகுப்பில் ஸ்நேர் டிரம் தோள்வாரில் தொங்கி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். மேடான விளிம்பில் கை இடிக்காமலிருக்க அப்படித்தான் பிடித்தாக வேண்டும்.

ராணுவ பேண்டில் ஸ்நேருக்கு ஒருவர், பேஸ் டிரம்முக்கு ஒருவர், சிம்பலுக்கு ஒருவர். நடன அரங்குகளில் அத்தனை பேருக்கு இடமுமில்லை, கூலியுமில்லை. சிகாகோவில் 1909இல் வில்லியம் லுட்விக் உருவாக்கிய வேகமான கால்மிதி பரவியதும், பேஸ் டிரம் காலுக்குப் போனது. ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். ஒரே குறை, இனி அவரால் வாசித்துக்கொண்டே நடக்க முடியாது.

கருவி மாறினாலும் பாடம் மாறவில்லை. ஃப்ளாம், பாரடிடில், ரோல் எல்லாம் சிப்பாய்களின் அடிகள்தான். அவை கைமாறிய வழி சில நேரம் விசித்திரமானது. முதல் உலகப்போரில் அமெரிக்கக் கறுப்பின வீரர்களின் 369ஆம் காலாட்படைப் பிரிவுக்காக ஜேம்ஸ் ரீஸ் யூரோப் நடத்திய பேண்ட், 1918இல் பிரான்ஸைக் கிறங்கடித்தது. அதில் டிரம் வாசித்த ஹெர்பர்ட் ரைட், 1919 மே மாதம் பாஸ்டனில் வாக்குவாதம் முற்றி யூரோப்பைக் கத்தியால் குத்தினார், யூரோப் பிழைக்கவில்லை. சிறையிலிருந்து வந்த ரைட், பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் ஒரு சிறுவனுக்கு டிரம் கற்றுக்கொடுத்தார். பிற்பாடு சார்லி பார்க்கருக்கு வாசித்த ராய் ஹேய்ன்ஸ்தான் அந்தச் சிறுவன்.

ஜாஸ் ராணுவத்துக்குத் திரும்பியது ஸ்விங் குழுத் தலைவர் கிளென் மில்லரோடு. புகழின் உச்சியில் இருந்தவர், 1942இல் குழுவைக் கலைத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். மறு ஆண்டு யேல் பல்கலைக்கழக வளாகத்தில் விமானப்படைப் பயிற்சி வீரர்கள் அவருடைய பேண்டுக்குத்தான் நடைபோட்டார்கள். டபிள்யூ. சி. ஹேண்டி 1914இல் வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' அங்கே மார்ச் ஆனது. அதில் டிரம்மர் ரே மெக்கின்லிக்கும் பங்குண்டு. சூசாவின் மார்ச்சுகளில் ஊறிய அதிகாரிகளுக்கு எரிச்சல். விவகாரம் டைம் இதழ்வரை போனது.

ஆனால் ஸ்விங்குக்கு முழு டிரம் செட் வேண்டும். செட்டுக்கு உட்கார்ந்த ஆள் வேண்டும். அதற்காக இரண்டு ஜீப்புகள் வந்தன. ஒன்றில் மெக்கின்லியும் அவர் டிரம்களும், மற்றொன்றில் ட்ரிகர் ஆல்பர்ட்டும் அவருடைய டபுள் பேஸும். அணி நடக்க, ஜீப்புகள் கூடவே ஊர்ந்தன.

1944 டிசம்பர் 15 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்ட மில்லரின் விமானம் காணாமல் போனது. மெக்கின்லியும் இசைக்கோர்ப்பாளர் ஜெர்ரி கிரேயும் பேண்டைத் தொடர்ந்து நடத்தினார்கள். 1956இல் மில்லர் பெயரில் மறுபடி குழு அமைந்தபோது, தலைமைக்கு அழைக்கப்பட்டவர் அந்த ஜீப் டிரம்மர்தான்.