மோசடியில் போன பணத்துக்கு யார் பொறுப்பு?

குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தட்டினீங்க. உங்க வங்கியின் இணையத்தளம் மாதிரியே ஒரு பக்கம். மறைச்சொல்லைக் கொடுத்ததும் பணம் போச்சு. இழப்பு யாருக்கு?

சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 16 முதல் பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பு நடப்பில் உள்ளது. அதில் வரிசை இதுதான்:

• முதலில் வங்கி: பணம் வெளியேறுவதை உடனே உங்களுக்குத் தெரிவிப்பது போன்ற கடமையில் தவறினால், முழு இழப்பும் அதற்கு.

• அடுத்து தொலைத்தொடர்பு நிறுவனம்: மோசடிக் குறுஞ்செய்திகளை வடிகட்டத் தவறினால், இழப்பு அதற்கு.

• இரு தரப்பும் கடமையைச் செய்திருந்தால்? இழப்பு உங்களுக்கு.

முதலீடு, காதல் என்று நம்பி நீங்களே பணம் அனுப்பியிருந்தால் இந்தக் கட்டமைப்பு பொருந்தாது.

சந்தேகமா? 1799-ஐ எந்நேரமும் அழைக்கலாம். கணக்கை நீங்களே முடக்கும் வசதி எங்கே இருக்குன்னு இப்பவே பார்த்து வைங்க.