அணிலுக்குப் பிறந்து புலியிடம் வந்த திட்டம்

செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், கிளைகள் பின்னிக்கிடக்கும் மர உச்சியில் குச்சியும் இலையுமாகக் கட்டிய உருண்டைக் கூடு தெரியும். சாம்பல் நிற மலை அணிலின் வீடு அது. தரைக்கு அபூர்வமாகத்தான் இறங்கும். மரம்விட்டு மரம் தாவியே பிழைக்கும். நடுவே நாலு மரம் வெட்டுப்பட்டாலும் அதன் பாதை அறுந்துவிடும். இந்த அணிலுக்காகவே 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சுமார் 485 சதுர கிலோமீட்டர் காடு சரணாலயமானது. அந்தக் காட்டை எப்படிப் பேணுவது என்று சொல்லும் மேலாண்மைத் திட்டத்தின் கதை அங்கே தொடங்குகிறது.

திட்டம் தனித்துப் பிறக்கவில்லை. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. 1976இல் 42ஆவது திருத்தம், காட்டையும் வன உயிரினங்களையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அன்று முதல் காட்டைக் காப்பது மாநில வனத்துறை என்றாலும், எல்லைக்கோட்டில் டெல்லியின் கையும் இருக்கிறது.

சட்டம் சொல்வது பொதுவான தடை. தீத்தடுப்புக் கோட்டை எந்தச் சரிவில் வெட்டுவது, கோடையில் எந்தத் தொட்டியில் நீர் நிரப்புவது என்பதெல்லாம் திட்டத்தின் வேலை. இந்தக் காட்டுக்குள் இருக்கும் சதுரகிரி மலைக்கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியே பெருங்கூட்டம் மலையேறுகிறது. பக்தர்களைத் தடுக்கவும் முடியாது, நெருப்பையும் பிளாஸ்டிக்கையும் காட்டுக்குள் விடவும் முடியாது. எந்த நேரம், எந்தப் பாதை, எத்தனை காவல் என்பதை இந்த மலையை நடந்து அறிந்தவர்கள்தான் முடிவுசெய்ய முடியும். டெல்லியில் உட்கார்ந்து எழுதக்கூடிய விஷயம் அல்ல அது.

2021 பிப்ரவரியில் திட்டம் உருமாறியது. அணில் சரணாலயமும் மேகமலை சரணாலயமும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாயின: 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல், நாட்டின் 51ஆவது, தமிழகத்தின் 5ஆவது. அணிலுக்குக் கிளை அறாமல் இருந்தால் போதும். புலிக்கோ கேரளத்தின் பெரியாறு வரை காடு அறாமல் இருக்க வேண்டும். 2006இல் சட்டத்தில் சேர்ந்த 38வி பிரிவின்படி, புலிகள் காப்பகத்துக்கான திட்டத்தை மாநில அரசு தயாரிக்கிறது; தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் ஒப்புதல் தருகிறது. மாநிலம் நினைத்த மாத்திரத்தில் எல்லையைச் சுருக்கவும் முடியாது. இது நல்ல பூட்டு என்பேன். சுற்றுலாவுக்கும் சாலைக்கும் காட்டைக் கேட்கும் நெருக்கடி மாநிலத் தலைநகரங்களில்தான் முதலில் விழுகிறது.

ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. காப்பகத்திலும் அதன் அக்கம்பக்கத்திலும் வாழ்பவர்களின் விவசாயமும் பிழைப்பும் திட்டத்தில் கவனிக்கப்பட வேண்டும். பஃபர் எனப்படும் வெளிவட்டத்தின் எல்லையைக் கிராம சபையைக் கலந்தே தீர்மானிக்க வேண்டும். வனஉரிமைச் சட்டம் செல்லும் இடங்களில் சரணாலயத் திட்டத்துக்கும் கிராம சபையைக் கலக்க வேண்டும் என்கிறது வன உயிரினச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம். தேன் எடுக்கும் பளியர் பழங்குடியினருக்கும், யானையும் காட்டுப்பன்றியும் தோப்பை அழித்துவிட்டுப் போன மறுநாள் காலையில் நிற்கும் ராஜபாளையம் மா, தென்னை விவசாயிக்கும் இது பேருக்கு உள்ள வாசகம் அல்ல, பிழைப்பு சம்பந்தப்பட்டது. ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கும் இந்த மலையிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. ஆகவே குழாயைத் திறக்கும் நகரவாசியும் இதில் ஒரு தரப்பு.

இத்தகைய திட்டம் வழக்கமாகப் பத்தாண்டுக்கு எழுதப்படுகிறது. எழுதி முடித்த பிறகு மனு கொடுப்பதைவிட, எழுதும்போதே வாய் திறப்பது மேல். மலையடிவார ஊர்க்காரர்களே, அடுத்த கிராம சபையில் திட்டத்தின் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்தைப் படித்துப் பார்த்து, விட்டுப்போனதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்.