எண்ணெயின் பிறந்த வீடு

செட்டிநாட்டில் முன்பின் அறியாத இரண்டு நகரத்தார் சந்தித்துக்கொண்டால், ஊர்ப் பெயரைக் கேட்ட பிறகு வரும் அடுத்த கேள்வி, "எந்தக் கோயில்?" என்பதாகத்தான் இருக்கும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று கோயில்கள் ஒன்பது. பதில் கிடைத்ததும் எதிரில் நிற்பவர் பங்காளியா, சம்பந்தம் பேசத் தக்கவரா என்பது விளங்கிவிடும். ஒருவர் பினாங்கில் பிறந்திருக்கலாம், சைகோனில் வளர்ந்திருக்கலாம். அதனால் கோயில் மாறிவிடாது.

இதே கேள்வியை மண்ணுக்கடியிலிருந்து வரும் கச்சா எண்ணெயிடம் கேட்டால் என்ன? கேட்டிருக்கிறார்கள், பதிலும் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கதையின் வழி, செட்டிநாட்டுக்கு மிகவும் பழக்கமான பர்மா தேசத்தினூடே செல்கிறது. அதனால்தான் அதை இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன்.

கானாடுகாத்தான் வீடுகளின் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பர்மா என்றதும் நமக்குத் தேக்கும் அரிசியுமே நினைவுக்கு வருகின்றன. மூன்றாவதாக எண்ணெயும் உண்டு. ஐராவதி நதிக்கரையில் யெனாஞ்சாங் என்று ஓர் ஊர். நாற்றமுள்ள நீரோடை என்பது அப்பெயரின் பொருள். 1797-இல் அங்கே போன ஹைரம் காக்ஸ் என்ற ஆங்கிலேயர், 520 எண்ணெய்க் கிணறுகள் இருந்தன என்று கணக்கு எழுதி வைத்தார். எல்லாம் மனிதன் கயிற்றில் இறங்கிக் கையால் தோண்டியவை. 24 குடும்பங்கள் அவற்றைப் பரம்பரைப் பாத்தியதையாக ஆண்டு வந்தன. 1886-இல் பர்மா ஆயில் கம்பெனி தோன்றியது, இயந்திரங்கள் வந்தன. 1928-இல் அது ஷெல் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் வியாபாரம் தொடங்கவே, 'பர்மா ஷெல்' என்ற பெயர் நம் பட்டிதொட்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. அதே காலத்தில் ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளில் நம்மவர்கள் பெட்டகம் வைத்து லேவாதேவி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணெய் பூமிக்குள் எப்படி உண்டாயிற்று? பேரறிஞர்களே இதில் மாறுபட்டார்கள். ருஷ்ய ரசாயன மேதை மெண்டலீவ், உயிர்களுக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமே இல்லை என்று 1877-இல் வாதித்தார். பூமியின் ஆழத்தில் இரும்புக் கார்பைடின்மேல் நீர் பட்டு எண்ணெய் உண்டாகிறது என்பது அவர் கட்சி. மடிந்த உயிர்களின் எச்சமே எண்ணெய் என்றது எதிர்க்கட்சி. சாட்சி மட்டும் அகப்படவில்லை.

1934-இல் சாட்சி கிடைத்தது. ஜெர்மனியில் மியூனிக் நகரத்து ஆல்பிரெட் டிரீப்ஸ் என்னும் ரசாயனி, கச்சா எண்ணெயில் போர்பிரின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். இலையின் பச்சையத்துக்கு எலும்புக்கூடு போல இருப்பது அது. பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கும். எண்ணெயில் கிடைத்ததிலோ அது வெளியேறி, அந்த இடத்தில் வனேடியம் குடியேறியிருந்தது. குடித்தனக்காரர் மாறினாலும் வீட்டின் அமைப்பு மாறவில்லை. கடுஞ்சூட்டில் சிதைந்துவிடும் இப்பொருள் சிதையாமல் இருந்ததால், எண்ணெய் பிறந்த இடம் கொதிக்கும் உலை அன்று என்பதும் தெளிவாயிற்று. என்றோ ஒரு நாள் வெயிலில் நின்ற பச்சை இலையும் பாசியும் எண்ணெய்க்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன!

பிறகு கருவிகள் வளர்ந்தன. நீண்ட நுண்குழாயில் எண்ணெயின் ஆவியைச் செலுத்தினால், அதன் கூறுகள் தத்தம் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன. அவற்றை உடைத்து எடை கண்டு அடையாளம் சொல்வது இன்னொரு கருவி. எக்லிண்டனும் மெல்வின் கால்வினும் 1967-இல் இவற்றுக்கு 'ரசாயனப் புதைபடிவங்கள்' என்றே பெயர் கொடுத்தார்கள். கல்லில் பதிந்த மீனைக் கண்ணால் பார்க்கிறோம். இவையோ கண்ணுக்குத் தெரியாதவை. ஆயினும் சொல்லும் செய்தி அதே செய்திதான்.

இந்தக் கூட்டத்தில் 'ஹோபேன்' என்று ஒன்று உண்டு. அதன் பெயருக்குள் நம் சென்னை மாகாணம் ஒளிந்திருக்கிறது. கம்பெனி ஆட்சியில் இங்கே தாவர ஆராய்ச்சி செய்த வில்லியம் ராக்ஸ்பர்க், எடின்பரோவில் தமக்குப் பாடம் சொன்ன ஜான் ஹோப் என்ற ஆசிரியரின் நினைவாக ஒரு மர இனத்துக்கு 'ஹோபியா' என்று பெயரிட்டார். குங்கிலியம் தரும் மரக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. பின்னாளில் அக்குடும்பத்துப் பிசினில் கண்ட பொருளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதே உருவம் உலகத்து எண்ணெய்களிலெல்லாம் தென்பட்டதும் திகைப்பு ஏற்பட்டது. உலகம் முழுவதுமா குங்கிலியக் காடு இருந்தது? பிரான்ஸ் தேசத்துப் பேராசிரியர் கீ ஊரிஸோனும் அவருடைய தோழர்களும் முடிச்சை அவிழ்த்தார்கள். எண்ணெயில் காணும் ஹோபேன் பெரும்பாலும் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களின் மிச்சமாம். பெயரை மட்டும் வைத்துக் குலம் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

குங்கிலிய மரத்துக்கே உரிய முத்திரை வேறாக இருந்தது. 'பைகாடினேன்' என்ற அதை, அம்மரங்களின் பிசினிலிருந்து வந்ததென்று 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிரூபித்தார்கள். பர்மா, புரூனே, இந்தோனேஷியா ஆகிய நாடுகளின் எண்ணெய்களில் அது காணப்படுகிறது. அதோடு பூக்கும் தாவரங்களின் அடையாளமான 'ஒலியனே'னும் சேர்ந்து வருகிறது. ஆக, ஐராவதிக் கரையில் அந்த 24 குடும்பங்கள் வாளியால் மொண்டது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் அடித்துச் சென்று புதைத்த காட்டின் பிசினும் இலையும் சேர்ந்த சாறு. குங்கிலியக் கலய நாயனாரின் மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்ததும், நெல் வாங்கப் போனவர் குங்கிலியம் வாங்கித் திரும்பியதும் நாம் அறிந்த கதை. அவர் போட்ட தூபம் திருக்கடவூரில் மணத்தது. இந்தக் காட்டின் குங்கிலியம் விளக்கில் எரிந்தது.

அதற்காக மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமா? 1942 ஏப்ரலில், ஜப்பானியர் கைக்குப் போகக்கூடாதென்று பிரிட்டிஷார் யெனாஞ்சாங் கிணறுகளைத் தாங்களே நாசமாக்கினார்கள். அதே ஆண்டு லட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து தாயகம் நோக்கி நடந்தார்கள். வழியிலே மாண்டவர் பல்லாயிரம் பேர். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் 1930-களின் இறுதியில் செட்டியார்கள் வசம் இருந்தது. கடன் தீராத குடியானவர்களிடமிருந்து வந்த நிலம் அது. அவர்களுடைய கண்ணீரையும் மறைக்க வேண்டியதில்லை. 1948-இல் வந்த நில தேசியமயச் சட்டத்துக்குப் பின் பத்திரம் பெட்டகத்தில் இருந்தது, நிலம் இல்லை. எண்ணெய்க்குள் இருந்த காட்டின் கையெழுத்து ஒன்றைத்தான் எந்தத் தீயாலும் சட்டத்தாலும் அழிக்க முடியவில்லை.

நம் மண்ணுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. நாகை அருகே நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993-இல் அங்கே ஒரு சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. காவிரிப் படுகையின் எண்ணெய்க்குத் தாய்ப்பாறை எது என்று தேடுகிறவர்கள், ஆழத்தில் கிடக்கும் ஆண்டிமடம் படிவங்களைச் சுட்டுகிறார்கள். அவற்றின் காலத்தை ஒட்டிய பாறைகள் தரைமட்டத்திலேயே தலைகாட்டும் இடங்களில் ஒன்று சிவகங்கைச் சீமை! பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்தப் பாறைகளில், பூக்கும் மரங்கள் உலகில் பெருகுவதற்கு முன் வாழ்ந்த செடிகளின் இலைகள் பதிந்திருக்கின்றன. பாறையின் முத்திரையையும் எண்ணெயின் முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் தாயையும் பிள்ளையையும் சேர்க்கிறார்கள்.

2017-இல் பக்கத்துப் புதுக்கோட்டை ஜில்லாவின் நெடுவாசலில், ஹைட்ரோகார்பன் எடுக்கக்கூடாது என்று ஊரே திரண்டு நின்றது. எண்ணெய் எங்கே பிறந்தது என்பதை ரசாயனம் சொல்லிவிடும். அதை எடுக்கலாமா, எடுத்தால் யாருக்குச் சொந்தம் என்பதை அதனிடம் கேட்டுப் பயனில்லை. அந்த வழக்கை மனிதர்கள்தாம் தீர்த்துக்கொள்ள வேண்டும். பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.