ஆங்கிலம் நம் நாவில் தங்கிய வரலாறு

நம் காலனியில் மாலை வேளைகளில் கூடி உரையாடும் முதியோரிடத்து அண்மைக் காலமாக ஒரு மனக்குறையைக் காண்கின்றோம். பாட்டனார் ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்தை ‘யெம்’ என்றும், ‘பஸ்’ என்பதை ‘பஸ்ஸு’ என்றும் கூறுங்கால், ஆங்கிலப் பள்ளியிற் பயிலும் பேரக்குழந்தைகள் கைகொட்டி நகைக்கின்றனர். குழந்தைகள் நகைப்பது இயல்பு; அதனைப் பெரிதாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், அந்நகைப்புக்கு அஞ்சிப் பள்ளிக் கூட்டங்களில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் தாய்மாரும், வங்கியிலும் மருத்துவமனையிலும் தம் குறையைச் சொல்லத் தயங்கும் பெரியோரும் நம்மிடையே உளர். இதனை எண்ணியே, ஆங்கிலம் நம்மவர் நாவில் வந்து தங்கிய வரலாற்றை ஒருவாறு தொகுத்து, இம்மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

தண்டில் வளர்ந்த ஆங்கிலம்

1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்தில் நிறுத்தினர். அவ்வூரின் காய்ச்சலும் நோயும் படையை வாட்டவே, நல்ல காற்றுள்ள இடத்தை நாடிப் பெங்களூரில் 1809ஆம் ஆண்டில் தண்டு ஒன்றை அமைத்தனர். அத்தண்டை நம்பிச் சென்னை மாகாணத்தினின்றும் சிப்பாய்களும், வணிகரும், கட்டடத் தொழிலாளரும், சமையற்காரரும் திரளாக வந்து குடியேறினர். 1864ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து தண்டுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் அவ்வரவு மேலும் பெருகிற்று.

இவ்வாறு வந்த எளியோர் ஆங்கிலத்தைப் பள்ளியிற் கற்றாரல்லர். துரைமார் வீட்டு அடுப்பங்கரையிலும் குதிரை லாயத்திலும் செவியாற் கேட்டுக் கற்றனர். அம்மொழிக்கு ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று பெயர் வந்தது. 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் சொற்களஞ்சியம் இதனைச் சென்னை மாகாணத்துப் பணியாளர் பேசும் உடைந்த ஆங்கிலம் எனக் குறித்தது. 1891ஆம் ஆண்டில் ஹூகோ சூகார்ட் என்னும் மொழிநூலறிஞரோ இதனை ஆராயத்தக்கதொரு மொழிவகையாகவே கொண்டு எழுதினார். ஒருவர் எள்ளியதை மற்றொருவர் ஆராய்ந்தார் என்பதை இங்கே நினைவிற் கொள்க.

மற்றொரு வழியில் வந்த ஆங்கிலமும் உண்டு. 1835ஆம் ஆண்டில் மெக்காலே எழுதிய குறிப்பும், 1854ஆம் ஆண்டில் வந்த உட் என்பாரின் கல்வி அறிக்கையும், 1857ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமும் நம் நாட்டில் ஆங்கிலக் கல்வியைப் பரப்பின. இவ்வழியிற் கற்றோர் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் கண்ணாற் கற்றனர். ஆசிரியரும் நம்மவரே, அவருக்குக் கற்பித்தவரும் நம்மவரே. ஆகவே, இலக்கணம் பிழையாது விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்க்கும், ஒரு சொல்லின் எப்பகுதியை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது தெரியாது போயிற்று. எழுத்தர் பணி புரிந்து குடும்பம் காத்த நம் முன்னோர் பலரும் இவ்வகையினரே. அவர்களைக் குறை கூறுவதற்கு யாது உண்டு?

ஆங்கிலேயர் யாவரும் ஒருபடித்தாகவா பேசினர்?

தண்டில் இருந்த வெள்ளையரும் ஒரே வகையாகப் பேசினாரல்லர். அயர்லாந்தினர், ஸ்காட்லாந்தினர், இலண்டன் நகரத்து ஏழை மக்கள் எனப் பலரும் அப்படையில் இருந்தனர். ஒருவர் ஓசை மற்றவர்க்கு நகைப்பாயிருந்தது. 1761ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் ஆங்கில உச்சரிப்பைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. நிகழ்த்தியவர் தாமஸ் ஷெரிடன். அவரோ அயர்லாந்தில் பிறந்தவர்! ஆங்கிலேயர் மொழியை ஸ்காட்லாந்தினர்க்குத் திருத்தமாகக் கற்பிக்க அயர்லாந்தினர் ஒருவர் வந்தார் என்றால், ‘சரியான உச்சரிப்பு’ என்பது அவர்கள் நாட்டிலேயே எவ்வளவு சிக்கலாக இருந்தது என்பது விளங்கும்.

அவர்தம் எழுத்தும் ஓசையும் ஒன்றோடொன்று பொருந்தாமை யாவரும் அறிந்ததே. 1476ஆம் ஆண்டில் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் அமைத்தார். எழுத்துக்கூட்டல் மெல்ல நிலைபெற்று நின்றுவிட, உயிரெழுத்துகளின் ஓசையோ பல தலைமுறைகளாக மாறிக்கொண்டே சென்றது. டேனியல் ஜோன்ஸ் என்பார் 1917ஆம் ஆண்டில் உச்சரிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் மாதிரியாகக் கொண்டது இங்கிலாந்தின் உயர்தர விடுதிப் பள்ளிகளிற் பயின்ற ஒரு சிறு கூட்டத்தாரின் பேச்சையே. பி.பி.சி. வானொலியும் 1926ஆம் ஆண்டில் உச்சரிப்பை ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. பின்னாளில் அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அயர்லாந்தில் பிறந்தவராகிய பெர்னார்ட் ஷாவே.

நாவின் இலக்கணம்

இனி, நம்மவர் நாவில் ஆங்கிலம் ஏன் இவ்வாறு மாறுகின்றது என்பதைக் காண்போம். தமிழில் வல்லின மெய்யோடு சொல் முடிதல் இல்லை; குற்றியலுகரம் வந்து சேரும். ஆகவே ‘கப்’ என்பது ‘கப்பு’ ஆயிற்று. ‘பெஞ்ச்’ என்பது ‘பெஞ்சு’ ஆயிற்று. சொல்லின் முதலில் இரு மெய்கள் கூடி நிற்றலும் இல்லை. ஆகவே ‘ஸ்கூல்’ ‘இஸ்கூல்’ ஆயிற்று. ‘ஸ்டேஷன்’ ‘டேசன்’ ஆயிற்று. நம் பேச்சில் சொல்லின் முதலில் வரும் எகரம் யகரச் சாயல் பெறுகின்றது. அதனாலேயே ‘எம்’ ‘யெம்’ ஆகின்றது. வடசொற்களை எடுத்துக்கொள்ளுங்கால் அவற்றைத் தமிழ் எழுத்துக்குப் பொருந்த அமைத்துக்கொள்ளுமாறு தொல்காப்பியர் அன்றே வழி காட்டினார். லக்ஷ்மணனை இலக்குவன் ஆக்கிய அதே நாவுதான் ஸ்கூலை இஸ்கூல் ஆக்கிற்று. முன்னதை இலக்கணம் என்போம். பின்னதை மட்டும் அறியாமை என்பது முறையாகுமோ?

பிற மாநிலத்தாரும் அவரவர் தாய்மொழியின் வழியே செல்கின்றனர். வங்காளியர் வகரத்தைப் பகரமாக ஒலிப்பர். பஞ்சாபியர் ‘ஸ்கூல்’ என்பதை ‘சகூல்’ என்பர். மலையாளிகள் ‘சிம்ப்ளி’ என்பதைச் சொல்லும்போது பகரம் மென்மையாகிவிடுகிறது என்று நாம் நகைக்கின்றோம். மகரத்தை அடுத்த பகரத்தை நாமும் அவ்வாறே மென்மையாக்குகின்றோம் என்பதை மறந்துவிடுகின்றோம். யாழ்ப்பாணத் தமிழரோ ஆங்கிலத்தின் டகர ஓசைக்கு ரகர றகரங்களை வழங்குவர். நாம் ‘டிவி’ என்று எழுதுவதை அவர்கள் ‘ரிவி’ என்று எழுதுவர். கனடாவில் வாழும் அவர்தம் மக்கள் தம் நகரத்தை ‘ரொறன்ரோ’ என்று எழுதுகின்றனர். ஒரே தமிழ் நாவிலும் ஊர்தோறும் வேறுபாடு உண்டு என்பதற்கு இதுவே சான்று.

நம் அண்டை மொழியாகிய கன்னடத்தையும் நோக்குவோம். பழங்கன்னடத்துப் பகரம் இடைக்காலத்தில் ஹகரமாயிற்று. நம் ‘பால்’ அங்கே ‘ஹாலு’. ‘புலி’ அங்கே ‘ஹுலி’. ‘பள்ளி’ அங்கே ‘ஹள்ளி’. நாம் அல்சூர் என்று வழங்கும் ஏரிப்பகுதியின் பெயர் கன்னடத்தில் ‘ஹலசூரு’. பலாவைக் குறிக்கும் ‘ஹலசு’ என்னும் சொல்லினின்றும் அது வந்தது என்பர். ஆங்கிலேயர் நாவில் அந்த ஹகரம் உதிர்ந்தது. அவ்வாறு உதிர்ந்த பெயரையே நாமும் இன்றுவரை சொல்லி வருகின்றோம்!

அவர்கள் நாவில் நம் ஊர்கள்

பிறர் சொல்லைச் சிதைத்ததில் ஆங்கிலேயரும் நமக்கு இளைத்தவரல்லர். தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆயிற்று. திருவல்லிக்கேணி ‘ட்ரிப்ளிகேன்’ ஆயிற்று. எழும்பூர் ‘எக்மோர்’ ஆயிற்று. நம் மிளகுத் தண்ணீர் அவர்கள் மேசையில் ‘மல்லிகட்டானி’ என்று பெயர் பெற்றது. இவற்றைக் கேட்டு நாம் கைகொட்டி நகைத்ததுண்டா? அப்பெயர்களை அப்படியே எழுதவும் சொல்லவும் அன்றோ பழகினோம்! கர்நாடக அரசு 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ‘பேங்களூர்’ என்னும் ஆங்கில வடிவை நீக்கிப் ‘பெங்களூரு’ என ஆக்கியதும், பதினொரு நகரங்களின் பெயர்களை அதனுடன் சேர்த்துத் திருத்தியதும் இப்பழக்கத்திற்கு ஒரு விடை எனலாம்.

திருத்த வேண்டுவது எது?

அங்ஙனமாயின் எவரும் எவ்வாறும் பேசலாம் என்று கூறுகின்றோமா? இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பார்சல் பகுதியிற் பணியாற்றியபோது, வேறொரு நிலையத்தினின்றும் தொலைபேசியில் வந்த ‘தர்ட்டீன்’ என்னும் சொல்லை ‘தர்ட்டி’ என்று கொண்டு, 13 கட்டுகளை 30 என எழுதிவிட்டோம். வராத 17 கட்டுகளைத் தேடி அன்றிரவு முழுதும் அலைந்தோம். சொன்னவரும் தமிழர், கேட்டவரும் தமிழர். ‘பதின்மூன்று’ என்று ஒரு சொல் தமிழிற் கூறியிருப்பின் இருவரும் உறங்கியிருப்போம்! நிலைய அதிகாரிகள் வண்டிக்கு வழி விடுங்கால் எண்களைத் தனித்தனி இலக்கமாகவும் சொல்லி, மறுபடி சொல்லக் கேட்டு உறுதி செய்துகொள்ளும் முறையின் அருமையை அன்று உணர்ந்தோம்.

ஆய்வும் இதனையே காட்டுகின்றது. 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆங்கிலத்திற்கென நடுவண் நிறுவனம் ஒன்றும், 1963ஆம் ஆண்டில் நம் பெங்களூரில் தென்னாட்டு ஆங்கில நிறுவனமும் தோன்றின. ஐதராபாத் நிறுவனத்தைச் சார்ந்த பன்சால் என்னும் அறிஞர் இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறர்க்கு எவ்வளவு விளங்குகின்றது என்பதை ஆராய்ந்து 1969ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். சொல்லில் அழுத்தம் இடம் மாறுவதே விளங்காமைக்குத் தலையாய காரணங்களுள் ஒன்று என்று அவர் கண்டார். ‘ஹோட்டல்’, ‘போலீஸ்’ என்னும் சொற்களில் ஆங்கிலேயர் பின்பகுதியை அழுத்துவர். நாம் முன்பகுதியை அழுத்துகின்றோம். கற்க வேண்டுவது இத்தகையதே. ‘யெம்’ என்பதனால் எந்த வண்டியும் தடம் புரள்வதில்லை.

முயன்று கற்றார்க்கு நாவும் வசமாகும் என்பதற்கு வலங்கைமானில் 1869ஆம் ஆண்டில் எளிய குடும்பத்திற் பிறந்த சீனிவாச சாஸ்திரியாரே சான்று. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த அவர், ‘வெள்ளி நாவினர்’ என்று ஆங்கிலேயரே புகழுமாறு விளங்கினார். 1922ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று, அங்கு வாழ்ந்த இந்தியரின் உரிமைக்காக வாதாடினார். பிறரை எள்ளுவதற்கன்றி, எளியோர்க்காகப் பேசுவதற்கே அந்நாவு பயன்பட்டது.

2000ஆம் ஆண்டை ஒட்டி இந்நகரில் பெருகிய தொலைபேசிச் சேவை நிலையங்களில், நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இரவெல்லாம் அயல்நாட்டு ஓசை பயின்று, அயல்நாட்டுப் பெயரும் தாங்கி ஊதியம் ஈட்டினர். தொழிலின் பொருட்டு அதனைக் கற்றதில் இழுக்கு யாதுமில்லை. ஆனால் பணி முடிந்து வீடு திரும்பிய பின்னரும் அவ்வோசையை அளவுகோலாகக் கொண்டு தந்தையை அளத்தல் தகாது.

அன்பர்களே! ‘யெம்’ என்று சொல்லும் பாட்டனாரே ‘வாழைப்பழம்’ என்பதிலுள்ள ழகரத்தைப் பிழையறச் சொல்லுகின்றார். அவரை நகைக்கும் பேரனோ அதனை ‘வாளப்பளம்’ என்கின்றான். பேரனிடம் பாட்டனார் ‘எம்’ கற்கட்டும். பாட்டனாரிடம் பேரன் ழகரம் கற்கட்டும். அவ்வாறு ஒருவர்க்கொருவர் ஆசிரியராக அமையும் இல்லங்களில், எந்த மொழியும் வாயை அடைப்பதற்கு வாராது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!