உறுதியில்லா நிலமும் வேடரும்

குருநகர்க் கரையில் வலை இழுப்போர் எவரிடமும் கடலுக்கு உறுதி இல்லை. தந்தை தொழில் செய்த நீரில் மகன் தொழில் செய்கிறான். அவ்வுரிமை வழக்கத்தால் நிலைபெற்றதேயன்றி எழுத்தால் நிலைபெற்றதன்று. இத்தகைய உரிமையை அரசொன்று வெற்றிடமெனக் கொள்ளுமாயின் நேர்வது யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவும் நமது தீவின் வேடர் வரலாறும் இவ்வினாவுக்கு ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன.

அமெரிக்கச் செய்தி யாழ்ப்பாணத்துக்கு முற்றிலும் புறம்பானதன்று. 1816இல் இங்கு மிசனை நிறுவிய அமெரிக்கச் சபையே, மறுவருடம் செரோக்கி மக்களிடையேயும் நிலையம் அமைத்தது. அச்சபையின் போதகர் சாமுவேல் வூஸ்ரர் ஜோர்ஜியா மாநிலச் சட்டத்துக்குப் பணிய மறுத்துச் சிறை சென்றார். 1832இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் கிடந்தது. 1838-39இல் செரோக்கியர் மிசிசிப்பி ஆற்றுக்கப்பால் பெயர்க்கப்பட்டபோது ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. பின்னர் 1862ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், பழங்குடியினர் வேட்டையாடிய நிலங்களைக் குடியேறுவோருக்கு 160 ஏக்கர்த் துண்டுகளாக வழங்கியது.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன என்றது. கோப்பித் தோட்டங்களின் நிலப்பசிக்கு உணவான சட்டம் அது. கண்டிக் கிராமத்தவனேனும் தன் சேனையைக் காட்டி வழக்காடலாம். தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த வேடன் எதைக் காட்டுவான்?

ஆயினும், பெரும் இழப்பு ஆங்கிலேயர் ஆட்சி அகன்ற பின்னரே நேர்ந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. தமிழர் பட்டிப்பளை என வழங்கும் அவ்வாற்றுக்கு இங்கினியாகலையில் அணை கட்டியது மொறிசன்-நூட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம். ஷொஷோனி மக்களின் பழைய நாடாகிய ஐடஹோவிலிருந்து வந்த நிறுவனம் அது என்பதை ஈண்டுக் குறிப்பிடாதிருக்க இயலவில்லை. சேனநாயக்க சமுத்திரம் நிறைந்தபோது வேடரின் வேட்டைக்காடுகள் பல நீருள் மறைந்தன. நிலமற்ற ஏழைகள் பலர் அத்திட்டத்தால் வாழ்வு பெற்றனர் என்பதும் உண்மையே. அக்குடியேற்றம் தமிழர் அரசியலில் எழுப்பிய வினாக்களை நாம் நன்கறிவோம்; வேடரின் இழப்போ நம் பேச்சில் அரிதாகவே இடம்பெற்றது.

1983 நவம்பரில் மகாவலித் திட்டத்தையொட்டி மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. தம்பானை வேடரின் காடு அதனுள் அடங்க, முன்னோர் செய்த வேட்டையும் தேனெடுப்பும் குற்றங்களாயின. வனவிலங்கைக் காக்க எழுந்த சட்டம், அவ்விலங்கோடு வாழ்ந்தவனை அத்துமீறியவனாக்கியது. பலர் ஹெனானிகலைக்குப் பெயர்ந்தனர். முதிய தலைவர் திசாஹாமி சில குடும்பங்களுடன் கொட்டபக்கினியாவை விட்டகல மறுத்தார். 1998இல் அவர் காலமானார்.

குடிசன மதிப்பீட்டில் 1946இல் ஏறத்தாழ 2,400 ஆக இருந்த வேடர் தொகை, 1963இல் 400 ஆயிற்று. எஞ்சியோர் அனைவரும் மாண்டனர் எனக் கொள்ளுதல் தவறு. சிங்களவரோடு கலந்தோர் சிங்களவராக எழுதப்பட்டனர். வாகரை முதலிய மட்டக்களப்புக் கரையோரங்களில் தமிழ் பேசும் வேடர் தமிழராக எழுதப்பட்டனர். அக்கரையோர வேடருட் பலர் இன்று மீன்பிடித்தே வாழ்கின்றனர்.